பேரேடா, பிளாக்செயினா: ஒரு கொலுசுக் கணக்கை வைத்து ஓர் ஒப்பீடு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வியாபாரி ஒருவர் கொலுசு செய்ய ஒரு கிலோ வெள்ளியைப் பட்டறைக்குக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உருக்குபவர், கம்பி இழுப்பவர், பற்றவைப்பவர், மெருகு போடுபவர் எனப் பல கை மாறித் திரும்பும்போது தராசில் 960 கிராம்தான் நிற்கிறது. குறைந்த 40 கிராமும் சேதாரம்தானா என்ற பேச்சு எழுந்தால், வியாபாரியின் பேரேடு ஓர் எடையைச் சொல்கிறது, பட்டறைக்காரரின் துண்டுச் சீட்டு வேறோர் எடையைச் சொல்கிறது. பிளாக்செயினைப் புதிதாகக் கற்பவர்கள் பிட்காயின் போன்ற மின்நாணயங்களின் விலையிலிருந்து தொடங்காமல் இந்த வழக்கிலிருந்து தொடங்குவதே நல்லது.

நோட்டிலோ கணினியிலோ ஒருவர் மட்டும் வைத்திருக்கும் பேரேடு விரைவானது, செலவில்லாதது, பிழையைத் திருத்த எளிதானது. அவரை அனைவரும் நம்பும்வரை வேறொன்றும் தேவையில்லை. நம்பிக்கை குறையும்போதுதான், எளிதாகத் திருத்தலாம் என்ற அதே வசதி சந்தேகத்துக்கு இடமாகிறது.

பிளாக்செயினில் பேரேட்டின் நகல் பங்கேற்கும் பலரிடமும் இருக்கும். பழைய கணக்குப்பிள்ளைகள் ஒரு பக்கத்தின் கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதித் தொடர்வார்கள் அல்லவா, அதைப் போலவே பதிவுகள் அடங்கிய ஒவ்வொரு தொகுதியும் (பிளாக்) முந்தைய தொகுதியின் அடையாளத்தைத் தாங்கி வரும். ஆனால் ஓரிடத்தில் பத்து கிராமைக் கூட்டி, வேறோரிடத்தில் பத்தைக் குறைத்தால் கூட்டுத்தொகை காட்டிக்கொடுக்காது. ஹாஷ் எனப்படும் இந்த அடையாளம் காட்டிக்கொடுத்துவிடும். பிட்காயினில் பயன்படும் எஸ்எச்ஏ-256 முறை, எவ்வளவு நீளமான பதிவையும் 64 இடங்கள் கொண்ட குறியீடாகச் சுருக்குகிறது. 960 என்பதை 961 ஆக்கினால் அந்தக் குறியீடு அடையாளம் தெரியாதபடி மாறும். அடுத்தடுத்த தொகுதிகளோடும் மற்றவர்களிடமுள்ள நகல்களோடும் பொருந்தாமல் போகும்.

இதிலும் இரு வகைகள் உண்டு. 2009 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய பிட்காயின் போன்ற பொதுச் சங்கிலியில் யாரும் அனுமதி கேட்காமல் சேரலாம். அதற்கு விலையும் உண்டு: புதிய தொகுதி சேரச் சராசரியாகப் பத்து நிமிடம் ஆகிறது, அதை யார் சேர்ப்பது என்று கணினிகளுக்கிடையே நடக்கும் கணக்கீட்டுப் போட்டி ஏராளமான மின்சாரத்தை விழுங்குகிறது. இன்னொரு பொதுச் சங்கிலியான எத்தீரியம் 2022 செப்டம்பரில் அந்தப் போட்டியையே கைவிட்டது. எப்படியிருந்தாலும், தன் எடைக் கணக்கைப் போட்டி வியாபாரிகளும் பார்க்கக்கூடிய இடத்தில் எழுத எந்தக் கொலுசு வியாபாரியும் விரும்பமாட்டார்.

தெரிந்தவர்கள் மட்டும் சேரும் அனுமதிச் சங்கிலியே வணிகத்துக்குப் பொருத்தமானது என்பது என் கணிப்பு. இந்தியக் காபி வாரியம் 2019 மார்ச்சில் பிளாக்செயின் அடிப்படையிலான காபிச் சந்தையைச் சோதனை முறையில் தொடங்கியது. ஏற்காட்டுத் தோட்டத்தில் பறித்த பழம், பதப்படுத்தும் ஆலை, ஏற்றுமதியாளர் எனப் பல படிகளைக் கடந்து, சேர்வராயன் மலையைக் கண்டிராத ஒருவரின் கைக்குப் போகிறது. அத்தனை பேருக்கும் பொதுவான கணக்குப்பிள்ளை கிடைப்பது அரிது. ஆகவே அங்கே சங்கிலி வைப்பதில் பொருள் உண்டு. ஒரே முதலாளியின் கடைக்கு அது வீண் செலவு.

ஆனால் இரு வகையிலுமே, எழுதியது மாறாமல் காக்கப்படுமே தவிர, எழுதியது உண்மையா என்று சங்கிலிக்குத் தெரியாது. எடையைத் தவறாக ஏற்றினால் அந்தத் தவறும் அழியாமல் நிற்கும். எனவே அதை அமைப்பவர்கள், கொடுப்பவரும் வாங்குபவரும் தராசின் முன் நின்று, இருவரும் ஒப்பிய பிறகே பதிவு ஏறும்படி முதலில் ஏற்பாடு செய்ய வேண்டும்.