உப்பு 3 கிராம், சுண்டைக்காய் இல்லை

புரட்டாசி என்று தெரிந்தும் விடுப்பை அந்த மாதத்தில் போட்டது என் தப்புதான். சிங்கப்பூரிலிருந்து மேற்கு மாம்பலம் வந்து இறங்கிய மூன்றாவது நாளே சாம்பார், ரசம், வத்தக்குழம்பு என்று ஒரு சுற்று முடிந்துவிட்டது. மீனும் கறியும் மாதம் முழுக்க அம்மா வீட்டுப் படி ஏறாது. என் புலம்பலைக் கேட்டுத் தம்பிதான் அண்ணா நகரில் புதிதாகத் திறந்திருந்த ஒரு கடையைச் சொன்னான். ஆசியச் சமையலுக்கு வேண்டியதையெல்லாம் அளந்து பெட்டியில் போட்டுக் கொடுக்கிறார்களாம். நாம் அடுப்பைப் பற்றவைத்தால் போதுமாம்.

போய்ப் பார்த்தேன். மருந்துக்கடை மாதிரி அப்படி ஒரு சுத்தம். பாட் தாய், பிபிம்பாப், நாசி கோரெங், மிசோ சூப் என்று சுவர் நிறையப் பெட்டிகள். "எத்தனை பேருக்குக்கா?" என்றாள் கடையில் நின்ற பெண். சட்டென்று எனக்குச் சிங்கப்பூர் தேக்கா சந்தை ஞாபகம் வந்தது. அங்கே அரைத்த மசாலாவைக் குவித்து வைத்திருக்கும் கடைகளிலும் இதே கேள்விதான். என்ன குழம்பு, எத்தனை பேருக்கு என்று சொன்னால், ஒவ்வொரு குவியலிலும் கரண்டியை விட்டு எடுத்துப் பையில் போட்டுவிடுவார்கள். அவ்வளவு ஏன், அண்ணாச்சி கடையில் "ஒரு கிலோ கறிக்கு மசாலா சாமான்" என்றால் பட்டை, கிராம்பு, ஏலக்காய் பொட்டலமாக வருகிறதே, அதுவும் இதே வியாபாரம்தான். இங்கே பொட்டலத்துக்குப் பதில் பெட்டி, கூடவே ஏசி. இரண்டு பேருக்கான தாய் கிரீன் கறி 420 ரூபாய். பெட்டியில் பச்சைப் புள்ளி இருந்ததைப் பார்த்துத்தான் எடுத்தேன்.

வீட்டில் பிரித்ததும் அம்மா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டாள். மல்லிகை அரிசி 150 கிராம், தேங்காய்ப்பால் 200 மில்லி, எலுமிச்சைப்புல் ஒரு தண்டு, டோஃபு, புரோக்கோலி, மசாலா விழுது. சின்னப் பாக்கெட் ஒன்றில் உப்பு 3 கிராம். "உப்பையுமா அளந்து குடுப்பான்?" என்று சிரித்தவள், விழுது பாக்கெட்டைத் திருப்பியதும் சிரிப்பை நிறுத்தினாள். மூலையில் அசைவத்துக்கான பழுப்பு முக்கோணம். பொடி எழுத்தில் இறால் விழுது என்று இருந்தது. தாய்லாந்துக் கறி விழுதில் இறால் இருப்பதுதான் வழக்கம், எனக்கே தெரியும். ஆனால் பெட்டிமேல் பச்சைப் புள்ளி போட்டவனுக்கல்லவா முதலில் தெரிந்திருக்க வேண்டும்?

கடைக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். மன்னிப்புக் கேட்டு, முக்கால் மணி நேரத்தில் சைவ விழுதை ஆள் மூலம் அனுப்பிவிட்டார்கள், காசு வாங்கவில்லை. அந்த வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனாலும் அம்மா மாதிரி பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்காதவர்கள் எத்தனை பேர் சாப்பிட்டிருப்பார்களோ.

சரி, சமைக்க ஆரம்பித்தோம். தேங்காய்ப்பாலின் கெட்டிப் பகுதியை முதலில் கொதிக்கவிட்டு, எண்ணெய் பிரிந்ததும் அதில் விழுதை வதக்க வேண்டும். வாசனையே அதில்தான் இருக்கிறது. அட்டைப்பெட்டிப் பால் பிரியவே மாட்டேன் என்றது. பிரியாமல் இருப்பதற்கென்றே அதில் ஏதேதோ சேர்க்கிறார்கள். அம்மா பேசாமல் அரை மூடித் தேங்காயைத் துருவி முதல் பால் எடுத்துக் கொடுத்தாள். காஃபிர் லைம் இலையைக் கசக்கி மோந்து, "வேப்பிலைக்கட்டி வாசனைடீ இது" என்றாள். வேப்பிலைக்கட்டிக்கு நாரத்தை இலை போட்டு இடிப்பவளுக்கு வேறு எப்படித் தோன்றும்? தாய் துளசி மட்டும் ஃபிரிட்ஜ் குளிரில் கறுத்துப் போயிருந்தது. மாடித் தொட்டியில் திருநீற்றுப்பச்சிலை இருந்தது. இரண்டும் ஒரே இனம்தான், சப்ஜா விதை அதிலிருந்துதான் வருகிறது. நாலு கொத்து கிள்ளிப் போட்டேன்.

புரோக்கோலிதான் எனக்குப் பொறுக்கவில்லை. பாங்காக்கில் கிரீன் கறி சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், அதில் பச்சை மணி மணியாக மிதப்பது மக்குவா புவாங், அதாவது நம் சுண்டைக்காய். மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்துக் காய்க்காரம்மாவிடம் பச்சையாகவே கிடைத்தது. லேசாகத் தட்டிப் போட்டேன். அந்தச் சின்னக் கசப்பு சேர்ந்த பிறகுதான் குழம்பு கிரீன் கறியானது. அம்மா இரண்டாம் முறை போட்டுக்கொண்டாள். இரண்டு பேருக்கான அளவு என்பதால் தம்பிக்குத் தயிர்சாதம்தான்.

அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனபோது கடைக்குள் எட்டிப் பார்த்தேன். விழுது பாக்கெட்டுகளில் இப்போது பச்சைப் புள்ளி. புரோக்கோலிக்குப் பதில் சுண்டைக்காய் வையுங்கள், விலையும் குறையும் என்று சொன்னேன். அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

"சுண்டைக்காயா? தாய்லாந்துல அதெல்லாம் ஏதுக்கா?"