தக்கைப்பூண்டா, சணப்பா, கொளுஞ்சியா: எந்த வயலுக்கு எது?

நெல்லுக்கு முன்னால் பசுந்தாள் உரம் போடலாம், அதாவது ஒரு செடியை வயலிலேயே வளர்த்துப் பச்சையாக மடக்கி உழலாம் என்று முடிவெடுத்தவர் அடுத்துக் கேட்கிற கேள்வி, "எதுல தழை ஜாஸ்தி கிடைக்கும்?" என்பதுதான். அந்தக் கணக்கில் தக்கைப்பூண்டுக்குப் போட்டியே கிடையாது. நன்றாக வந்தால் ஏக்கருக்கு 10 டன் வரை பச்சைத்தழை. சணப்பு 5, 6 டன். கொளுஞ்சி 3 டன்னைத் தொட்டாலே பெரிது. ஆனால் இந்த எண்ணை மட்டும் பார்த்து விதை வாங்கினால் பலருக்குக் காசுதான் வீண். வயலுக்குத் தண்ணீர் எப்போது வரும், வந்தால் எவ்வளவு நாள் நிற்கும், நடவுக்கு முன் கையில் எத்தனை நாள் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் விதைக் கடைப் பக்கம் போக வேண்டும்.

காவிரி டெல்டாவின் களிமண்ணில், சம்பா மட்டும் போடுகிறவருக்கு நான் யோசிக்காமல் சொல்வது தக்கைப்பூண்டு. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததும், அல்லது அதற்கு முன்பே நல்ல மழை ஒன்று விழுந்ததும், ஏக்கருக்கு 20 கிலோ தெளித்துவிட்டால் நடவுக்குள் மடக்கி உழுதுவிடலாம். முளைத்துக் கொஞ்சம் வளரும் வரை வயலை வடித்து வைத்தால் போதும். அதன் பிறகு தண்ணீர் நின்றாலும் செடி அசராது. நீரில் நிற்கும் செடியைப் பிடுங்கி அடித்தண்டைப் பாருங்கள்: வெள்ளையாக, பஞ்சு போலப் புடைத்திருக்கும், புதுவேர்களும் விட்டிருக்கும். சேற்றுக்குள் இருக்கும் வேருக்குக் காற்று போவது அந்தப் பஞ்சு வழியாகத்தான். சணப்புக்கோ கொளுஞ்சிக்கோ இந்த வசதி இல்லை.

உப்பையும் அது தாங்கும். 2004 சுனாமியில் கடல்நீர் புகுந்த நாகப்பட்டினம் பக்கத்து வயல்களைத் திருத்தும்போது ஜிப்சத்தோடு தக்கைப்பூண்டையும் பரிந்துரைத்தது அதனால்தான். களர் நிலம் வைத்திருப்பவருக்கு இந்த அலசலே தேவையில்லை, நேராகத் தக்கைப்பூண்டுக்குப் போய்விடலாம்.

சணப்பு ஜெயிக்கிற இடம் வேறு. வடிகால் உள்ள செம்மண், கிணற்றுப் பாசனம், அடுத்துக் காய்கறியோ மஞ்சளோ கரும்போ வைக்கிற நிலம். விதையும் 10 முதல் 15 கிலோ போதும். விதைத்த வேகத்தில் எழுந்து நிலத்தை மூடிக்கொள்வதால் களை அமுங்கிவிடும். வேர்முடிச்சு நூற்புழுவை மட்டுப்படுத்தும் குணமும் இதற்கு உண்டு. தக்காளி, கத்தரி வேர்களில் முடிச்சு பார்த்துச் சலித்தவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும். ஆனால் ஒரு பெருமழையில் தண்ணீர் தேங்கினால் பயிர் மஞ்சளடித்துப் படுத்துவிடும். ஆடு மாடு விரும்பி மேயும் என்பதால் காவலும் வேண்டும். இன்னொரு தொல்லை, நார். ஒரு காலத்தில் கயிறு திரிக்கவே பயிரிட்ட செடி இது. பூத்து முற்றிய பிறகு ரோட்டவேட்டரை இறக்கினால் கத்தியில் சுற்றிக்கொண்டு, டிரைவர் அரை மணிக்கொரு தடவை இறங்கி அறுக்க வேண்டியிருக்கும். வாடகை மீட்டர் அதற்கும் ஓடும்.

கொளுஞ்சியைத் தழை எடையில் அளப்பதே நியாயமில்லை. அறுவடை முடிந்த தரிசில், மீதி ஈரத்திலும் கோடை மழையிலும் பிழைத்துக் கிடக்கும் செடி அது. ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதை. மாடு அவ்வளவாகத் தொடாது, அதனால் வேலி இல்லாத மானாவாரி நிலத்தில் இதுதான் மிஞ்சும். கொஞ்சம் செடியை விதை கட்ட விட்டுவிட்டால் அடுத்த வருஷம் தானாகவே முளைக்கும், விதைச் செலவு ஒரு தடவையோடு சரி. வளர்ச்சிதான் மெதுவு. விதைத்தோல் கெட்டி என்பதால் மணலோடு சேர்த்துத் தேய்த்துவிட்டு விதைக்க வேண்டும். அப்படியே தெளித்துவிட்டு முளைக்கவில்லை என்று விதையைக் குறை சொல்வதுதான் அதிகம் நடக்கிறது.

பலதானிய விதைப்பையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். சிறுதானியம், பயறு, எண்ணெய் வித்து எல்லாம் கலந்து போட்டு மடக்குவது. பல வருஷம் ரசாயனம் மட்டுமே கண்ட தோட்ட நிலத்துக்கு நல்ல தொடக்கம், மறுக்கவில்லை. ஆனால் அதில் சோளமும் கம்பும் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு மக்குவது தாமதமாகும். தக்கைப்பூண்டு, சணப்பு, கொளுஞ்சி போல அவை காற்றிலிருந்து தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, பிடித்துத் தருவதும் இல்லை. நடவுக்கு நாள் குறித்துவிட்ட நெல் வயலுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

அந்த மூன்றில் எதைப் போட்டாலும் 30 நாளில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வேரில் இருக்கும் முண்டை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்தைப் பிடிக்கும் பாக்டீரியா வேலை செய்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால், அல்லது முண்டே இல்லையென்றால், மண்ணுக்குப் போவது தழை மட்டும்தான். முதல் முறை போடுகிற வயல் என்றால் ஆறிய அரிசிக் கஞ்சியில் அந்தப் பாக்டீரியாவான ரைசோபியத்தைக் கலந்து, விதையில் பிசறி, நிழலில் உலர்த்தி விதைப்பது நல்லது.

தக்கைப்பூண்டையும் சணப்பையும் 40 முதல் 50 நாளுக்குள், பூ எடுக்கும் தறுவாயில் மடக்க வேண்டும். தண்டை வளைத்தால் பட்டென்று ஒடிய வேண்டும், நார் இழுத்தால் நாள் தாண்டிவிட்டது. நெல் வயலில் தண்ணீர் கட்டிச் சேற்றில் அமுக்கிவிட்டு, ஒரு வாரம் பத்து நாள் பொறுத்து நடலாம். மிதித்தால் குமிழி கிளம்பி அழுகல் வாடை அடிக்கிறதா, இன்னும் இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். அவசரப்பட்டு நட்டால் நாற்று மஞ்சளித்து நிற்கும். நல்ல தக்கைப்பூண்டு ஏக்கருக்குச் சுமார் 30 கிலோ தழைச்சத்து தரும். 45 கிலோ யூரியா மூட்டையில் ஒன்றரை என்று வைத்துக்கொள்ளலாம். அத்தனையும் ஒரே பயிருக்குக் கிடைத்துவிடாது, எனவே அடியுர யூரியாவைக் குறைக்கலாம், மேலுரத்தை இலையின் நிறம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஜூனிலேயே குறுவை நடுபவருக்கு இந்த மூன்றுமே சிரமம்தான். போர் தண்ணீர் இருந்தால் ஏப்ரல் கடைசியில் தக்கைப்பூண்டு விதைக்கலாம். இல்லையென்றால் வரப்பில் நிற்கும் கிளிரிசிடியாவையும் புங்கத்தையும் வெட்டி, ஏக்கருக்கு இரண்டு, இரண்டரை டன் தழை மிதித்துவிட்டால் போதும். வெட்டுக்கூலியும் தூக்குக்கூலியும் ஆகும், ஆனால் நடவு நாள் தள்ளாது.