தலைமன்னாரா, முல்லைத்தீவா? வெளிச்சவீடுகளைத் தேடும் கரையோர நடை

வன்னியிலிருந்து பழைய வெளிச்சவீடுகளை நோக்கிக் கரையோரமாக நடக்க விரும்புவோர் இரண்டு வழிகளை எண்ணிப் பார்க்கலாம். முல்லைத்தீவிலிருந்து சுண்டிக்குளம், வெற்றிலைக்கேணி, மணற்காடு ஊடாகப் பருத்தித்துறைக்குச் செல்வது ஒன்று. மன்னாரிலிருந்து பேசாலை ஊடாகத் தலைமன்னார் இறங்குதுறைக்குச் செல்வது மற்றது.

இரு முனைகளிலும் வெளிச்சவீடு இருந்த வழி கிழக்குக்கரையே. ஆயினும் முல்லைத்தீவின் பழைய வெளிச்சவீடு போரில் அழிந்துவிட்டது. 1916 இல் எழுந்த, 32 மீற்றர் உயரமுள்ள பருத்தித்துறை வெளிச்சவீடே எஞ்சியுள்ளது. நேர்கோட்டில் அளந்தாலே 90 கிலோமீற்றர் அளவுக்கு வரும் இந்தத் தூரத்தில் ஊர்கள் அடுத்தடுத்து இல்லாததால், குடிநீரையும் இரவுத் தங்கலையும் முன்கூட்டியே ஒழுங்கு செய்தாக வேண்டும். மாரியில் சுண்டிக்குளத்து முகத்துவாரம் உடைத்துப் பாயும்போது கரைவழி அறுந்துவிடும். அப்பகுதி தேசிய பூங்காவாகவும் இருப்பதால் அனுமதி தேவை. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில் ஒரு அடிகூட முன்வைக்கக் கூடாது. கரைவலை இழுப்போரைக் கண்டால் கயிற்றைக் கடக்காமல் காத்து நிற்பதே மரியாதை.

தலைமன்னார் வழியில் வெளிச்சவீடு ஒன்றே உண்டு. ஆனால் அந்த ஒன்று, தான் எதற்காக எழுந்ததோ அந்தச் சூழலுடனேயே நிற்கிறது என்பதால் எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. 1914 இல் தனுஷ்கோடிக்கான கப்பற்சேவை தொடங்க, அடுத்த ஆண்டு வெளிச்சவீடு எழுந்தது; 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அந்தச் சேவையும் முடிந்தது. இறங்குதுறை, தண்டவாளம், வெளிச்சவீடு மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்கும்போது, இந்தியாவுக்குப் பயணப்பட்ட ஒரு தலைமுறையின் வழி கண்முன்னே விரிகிறது. மன்னார் முனையிலோ 1560 இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை இருக்கிறது. 2015 இல் ரயில் மீண்டும் தலைமன்னார் வரை ஓடத் தொடங்கியதால், களைத்தவர்கள் தோட்டவெளியிலோ பேசாலையிலோ நடையை நிறுத்திக்கொள்ளலாம். கிழக்கில் இந்த வசதி இல்லை.

இரண்டுக்கும் உகந்த காலம், வாடையும் மழையும் ஓய்ந்து தென்மேற்குக் கச்சான் காற்று எழுவதற்கு முன்னுள்ள பெப்ரவரி, மார்ச் மாதங்கள்.

முதன்முறை நடப்போருக்கு மன்னாரையே பரிந்துரைக்கிறேன். ஏறத்தாழ 30 கிலோமீற்றரை இரண்டு நாளாகப் பிரித்து, காலை வெயில் முதுகில் விழும்படி மேற்கு நோக்கி நடப்பது நல்லது. முதற்பகுதியைச் சாலையால் கடந்து, பேசாலையில் தங்கி, மறுநாள் விடியவே கரையில் இறங்கினால் வெயில் ஏறுமுன் இறங்குதுறையை எட்டலாம். திரும்புவதற்கு ரயில் உண்டு.