செஸ்னா 152 என்ற இரண்டு இருக்கைச் சிறு விமானத்தில் தூரப் பயணம் போக ஈ6பி கணிப்பான் வாங்கலாமா?

வாங்கலாம். அட்டையில் வருவதை விட்டுவிட்டு அலுமினியத்தையே வாங்குங்கள். கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையில் பறக்கப் பழகும் நம்ம மலையகப் பிள்ளைகள் சிலர் "போனிலேயே ஆப் இருக்கு, இந்தப் பழைய தட்டு எதுக்கு அக்கா?" என்று கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: ஈ6பி என்பது கையால் திருப்பும் வட்டக் கணிப்பான். 1930களின் கடைசியில் ஃபிலிப் டால்டன் என்ற அமெரிக்கர் வடிவமைத்தது, இன்றுவரை பெரிதாக மாறவில்லை. ஒரு பக்கம் நேரம், தூரம், எரிபொருள். மறுபக்கம் காற்று. பற்றரி கிடையாது. தென்மேல் பருவத்தில் மஸ்கெலியாப் பக்கம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, லீவுக்கு வந்து வீட்டில் உட்கார்ந்து ரூட் போடும் எனக்கு அதுவே பெரிய உதவி.

ஆனால் நான் இவ்வளவு வற்புறுத்துவது காற்றுப் பக்கத்துக்காக. 25 நொட் (மணிக்கு 25 கடல்மைல்) காற்றை ஒரு பெரிய ஜெட் பொருட்படுத்தாது. 95 நொட்டில் போகும் 152-க்கு அது வேகத்தில் கால்வாசி. இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு நேராகப் போனால் ஏறத்தாழ 180 கடல்மைல். காற்று 240 டிகிரியிலிருந்து 25 நொட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டத்தைத் திருப்பி 240-ஐ மேல்குறிக்கு நேரே கொண்டுவந்து, நடு ஓட்டையிலிருந்து மேலே 25 எண்ணி பென்சிலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அப்புறம் போகும் திசையைக் குறிக்குத் திருப்பி, அந்தப் புள்ளி 95 என்ற வளைகோட்டில் வந்து உட்காரும்வரை, வட்டத்துக்கு அடியில் வழுக்கும் உள்தகட்டை நகர்த்தினால், நடு ஓட்டையில் தரைவேகம், அதாவது தரையைப் பொறுத்து நாம் போகும் வேகம், 107 என்று நிற்கும். புள்ளி நடுக்கோட்டை விட்டு எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவுக்கு, இங்கே 12, 13 டிகிரி, மூக்கை இடப்பக்கம் பிடிக்க வேண்டும். வட்டத்தைத் திரும்பி வரும் திசைக்குத் திருப்பி, புள்ளியை மறுபடி 95-க்குக் கொண்டுவாருங்கள், 79!

போக 1 மணி 41 நிமிடம், வர 2 மணி 17 நிமிடம். மணிக்கு 6 கலன் எரிபொருள் என்று போட்டால் மொத்தம் 23.8 கலன். 152-இன் சாதாரணத் தாங்கியில் பயன்படுத்தக்கூடியதே 24.5 அமெரிக்கக் கலன்தான். மிச்சமிருக்கும் 0.7, எஞ்சினைப் போட்டு ஓடுபாதைக்குப் போய் மேலே ஏறுவதற்கே காணாது, பிறகு கட்டாயம் கையில் இருக்க வேண்டிய அரை மணி நேர எரிபொருளுக்கு எங்கே போவது? காற்றே இல்லாவிட்டால் இதே பயணத்துக்கு 22.7 போதும். போகும்போது தள்ளிவிடும் காற்றும் வரும்போது மறிக்கும் காற்றும் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். ஆகாது, ஏனென்றால் மறிக்கும் காற்றுக்குள் நாம் இருக்கும் நேரம்தான் கூட. ஆப் இதே எண்களைத் தரும், சரிதான், ஆனால் 107-இலிருந்து 79-க்குத் தகட்டைக் கையால் இழுக்கும்போது அந்த வித்தியாசம் மனதில் பதிகிற மாதிரி திரையில் பதியாது. பலாலியில் அவ்காஸ் (சிறு விமானங்களுக்கான பெற்றோல்) கிடைக்குமா என்று முதல் நாளே கேட்டு உறுதி செய்யாமல் கிளம்ப உங்களுக்கு மனமே வராது.

மறுபக்கத்தில் உயரத்தையும் வெப்பத்தையும் கொடுத்து காற்றுக்குள் நாம் போகும் உண்மையான வேகம் பார்க்கும் சிறு ஜன்னல் இருக்கிறது. மலைநாட்டைக் கடப்பவர்களுக்கு இதுதான் முக்கியம். இரத்மலானையிலிருந்து மட்டக்களப்புக்கு நேர்கோடு போட்டால் அது பீதுருதாலகால மலைக்கும் நக்கிள்ஸ் மலைத்தொடருக்கும் நடுவே போகும். 7,500 அடியில் வெளியே 13 டிகிரி என்றால், காற்றின் அடர்த்தி 9,000 அடிக்கு உரியதாக இருக்கும். வேகமானி 85 காட்டும்போது உண்மையில் 97 நொட்டில் போகிறோம், அது நல்லதுதான். ஆனால் கடல்மட்டத்தில் நிமிடத்துக்கு 715 அடி ஏறும் 152 அங்கே அதில் பாதிகூட ஏறாது. ஊவாப் பக்கம் கச்சான் என்ற வறண்ட மேல்காற்று அடிக்கும் மாதங்களில் மலைக்குப் பின்னால் கீழிறங்கும் காற்று அதைவிட வேகமாக இருக்கலாம். பீதுருதாலகாலவின் உயரம் 2,524 மீற்றர், அதாவது 8,281 அடி என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாருங்கள், வடக்கே சுற்றிப் போனால் என்ன என்று தோன்றும். சுற்றித்தான் போக வேண்டும்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. 1974 டிசம்பர் 4-ஆம் திகதி ஏழு கன்னியர் மலையில் டிசி-8 விமானம் மோதி 191 பேர் போனார்கள். விமான நிலையத்தை நெருங்கிவிட்டோம் என்று நினைத்து, இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து இறங்கியதுதான் காரணம். எவ்வளவு நேரம் பறந்தோம், என்ன தரைவேகம், அப்படியானால் இப்போது எதற்கு மேலே இருக்கிறோம் என்று வழி நெடுக கேட்டுக்கொண்டே இருக்கும் பழக்கத்தை இந்தத் தட்டு பழக்கிவிடும். அந்தப் பழக்கத்துக்கு நான் எவ்வளவு விலையும் கொடுப்பேன்.

குறைகளும் உண்டு. வெயில் நேராக விழுந்தால் அலுமினியம் கண்ணைக் கூசும். எண்கள் பொடி, 60-க்கும் 70-க்கும் நடுவில் உள்ள கோடுகளைக் குலுங்கும் விமானத்தில் படிப்பது கஷ்டம், அதனால் காற்றுக் கணக்கைத் தரையிலேயே முடித்துவிடுங்கள், மேலே நேரமும் எரிபொருளும் பார்க்க மட்டும் எடுங்கள். கூட வரும் ஆங்கிலக் கையேடு தொடக்கக்காரருக்குப் போதாது, யாராவது பக்கத்தில் இருந்து ஒருதரம் காட்டித்தர வேண்டும். பென்சில் 2பி என்றால் ஈர விரலால் துடைத்தாலே போய்விடும், பேனா மட்டும் வேண்டாம். அட்டையில் வருவது மலிவுதான், ஆனால் நம்ம ஊர் ஈரத்துக்கு அட்டை ஊதி வட்டம் இறுகிவிடும்.

வாங்கும்போது வட்டத்தைத் திருப்பிப் பாருங்கள், ஒரு விரலால் திரும்ப வேண்டும், விட்ட இடத்தில் நிற்கவும் வேண்டும். உள்தகட்டை உருவிப் பார்த்து, குறைந்த வேகத்துக்கான பக்கம் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். ஜெட் வேகத்துக்கான பக்கத்தில் நம் 79 நொட்டைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.