30 டெஸ்டர் செய்து கொடுக்க: கிட்டா, பேக்டரியா, கையால் சால்டரா?

பெங்களூரு அல்சூரில் டிவியும் இன்வெர்ட்டரும் சர்வீஸ் பார்க்கும் அண்ணன் ஒருவருக்குப் போன வருடம் ஒரு காம்பொனன்ட் டெஸ்டர் செய்து கொடுத்தேன். டிரான்சிஸ்டரோ மாஸ்ஃபெட்டோ கெப்பாசிட்டரோ, எதைச் செருகினாலும் இது இன்னது, எந்தக் கால் பேஸ், எந்தக் கால் கலெக்டர் என்று திரையில் காட்டுகிற கருவி. ஜெர்மனியில் மார்க்குஸ் ஃப்ரெயெக் தொடங்கிவைத்து, கார்ல்-ஹைன்ஸ் க்யூபெலர் வளர்த்தெடுத்த, ஏடிமெகா என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப்பை வைத்த டிசைன் அது. கடைக்கு வந்தவர்கள் பார்த்துக் கேட்க, அவர்கள் சொல்லி பாலிடெக்னிக் பையன்கள் கேட்க, எண்ணிப் பார்த்தால் 30 வந்து நின்றது. ரெடிமேடாகவே மலிவாகக் கிடைக்கும்தான். ஆனால் கெட்டுப்போனால் யாரிடம் கொண்டு போவது என்று எல்லோருமே கேட்டார்கள், அதனால் நானும் அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் ஒவ்வொரு வழியையும் பார்த்தேன்.

வெறும் ஓட்டைகள் மட்டும் உள்ள ஜீரோ பிசிபியில் ஒயர் இழுத்துச் செய்வதை முதலிலேயே தள்ளிவிடலாம். ஒன்றிரண்டுக்குச் சரி, 30 என்றால் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு இடத்தில் தப்பு வரும். பிசிபி தயாரிக்கும் ஃபேபில் போர்டு அடித்து வாங்குவதுதான் வழி, அதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. கேள்வி அந்தப் போர்டில் பாகங்களை யார் ஏற்றுவது என்பது.

பேக்டரியில் கொடுத்தால் என்ன? பீன்யாவில், போர்டின் மேற்பரப்பிலேயே குட்டிப் பாகங்களை மெஷினால் ஏற்றும் ஒரு எஸ்எம்டி யூனிட்டில் விசாரித்தேன். 300 என்றால் பேசலாம் என்றார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது: ஸ்டென்சில் வெட்ட வேண்டும், பிக் அண்ட் பிளேஸ் மெஷினுக்கு புரோகிராம் எழுத வேண்டும், ஒவ்வொரு பாகத்துக்கும் ஃபீடரில் டேப் ஏற்ற வேண்டும், 30 போர்டுக்கும் 3000 போர்டுக்கும் இந்த வேலை ஒன்றேதான். வெளியே வருவது மட்டும் அருமையாக இருக்கும், ஒரே சீரான சால்டர், 0805 அளவு குட்டி ரெசிஸ்டர்கள் கோடு போட்ட மாதிரி நேராக உட்கார்ந்திருக்கும், அதில் கையால் செய்வது போட்டியே போட முடியாது.

ஆனால் முழுக்க எஸ்எம்டிக்குப் போனால் ஏடிமெகா 328ம் டிக்யூஎஃப்பி 32 பேக்கேஜில்தான் போகும், 0.8 மிமீ இடைவெளியில் நான்கு பக்கமும் கால்கள், எல்லாமே போர்டோடு சால்டர் ஆகியிருக்கும். எனக்கு மனசு ஒப்பாத இடம் இதுதான். இந்த டெஸ்டரின் பெரிய எதிரி சார்ஜ் இறங்காத கெப்பாசிட்டர். 230 வோல்ட் ஏசியை ரெக்டிஃபை செய்தால் 325 வோல்ட் டிசி. எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளையின் பிரைமரி பக்கத்தில் இருந்து கழற்றிய 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் அந்த சார்ஜோடு இருந்தால் உள்ளே 5 ஜூலுக்கு மேல் இருக்கும், அதை அப்படியே செருகினால் சிப் அந்த நொடியே போய்விடும். சர்வீஸ் கடையில் பத்து வேலைக்கு நடுவில் ஒருநாள் இது நடந்தே தீரும். அண்ணனே நான்காம் மாதம் போன் செய்தார்: "தம்பி, மீட்டர் செத்துப் போச்சுப்பா." அவருடையது 28 கால் டிப் சிப், சால்டர் இல்லாமல் ஐசி பேஸ் என்கிற சாக்கெட்டில் உட்கார்ந்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்து, புதியதை அழுத்தி, அங்கேயே காலிபிரேஷன் செய்து கொடுத்துவிட்டேன், டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. அதுவே டிக்யூஎஃப்பியாக இருந்தால் போர்டை வீட்டுக்குக் கொண்டு வந்து ஹாட் ஏர் பிடித்திருக்க வேண்டும்.

கிட்டாக, பாகங்களைப் பையில் போட்டுக் கொடுத்துவிடுவது இன்னொரு வழி. பாலிடெக்னிக் பையன்களுக்கு இது பிடித்திருந்தது, தாங்களே செய்த மீட்டர் என்ற சந்தோஷம் அவர்கள் முகத்தில் தெரியும், அதற்காகவே கொடுக்கலாம். ஆனால் செய்கிறவனுக்கு நேரம் மிச்சம் என்று நினைத்துக் கிட் பக்கம் போகாதீர்கள். 10 கிலோ ஓம் ஒரு சதவீத ரெசிஸ்டரில் கோடுகள் பழுப்பு, கருப்பு, கருப்பு, சிவப்பு, பழுப்பு. இரண்டு ஓரமும் பழுப்பு. திருப்பிப் பிடித்துப் படித்தால் 120 ஓம்! "அண்ணா, தப்பான ரெசிஸ்டர் வந்திருக்கு" என்று ஒரே வாரத்தில் மூன்று பேர் கூப்பிட்டார்கள். அப்புறம் சிப்பை நாம்தான் புரோகிராம் செய்து தர வேண்டும், அவர்களிடம் புரோகிராமர் இருக்காது. ஈயம் கலந்த 63/37 சால்டர் 183 டிகிரியிலேயே உருகுவதால் புதுக் கைகளுக்கு எளிது, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லி ஒரு துண்டுச்சீட்டும் பையில் வைத்தேன்.

10ஐக் கிட்டாகக் கொடுத்தது போக மீதி 20ஐ நானே கையால் செய்தேன். ஒரு போர்டுக்கு 40 நிமிடம், அதற்கு மேல் காலிபிரேஷனுக்கு 10 நிமிடம். ஒரு போர்டை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததை எடுக்கக் கூடாது, 20 போர்டுக்கும் ரெசிஸ்டர், பிறகு 20க்கும் ஐசி பேஸ் என்று உயரம் குறைந்ததில் இருந்து ஏறிப் போனால் கை தானாக ஓடும். 680 ஓமும் 470 கிலோ ஓமும் மூன்று மூன்று வேண்டும், மொத்த அளவீடும் இந்த ஆறையும் நம்பித்தான் நிற்கிறது. எஸ்பி ரோட்டில் கேட்டு வாங்கும்போது நீல உடம்பு மெட்டல் ஃபிலிம்தானா என்று பாருங்கள், மணல் நிறத்தில் இருப்பது பெரும்பாலும் ஐந்து சதவீத கார்பன். நான் ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் அளந்துதான் ஏற்றினேன். சிப் வாங்கியதில் 328பி என்று கேட்டதற்கு ஆறு சிப்பில், எந்த மாடல் என்று சிப் சொல்லும் சிக்னேச்சரின் கடைசி பைட் 14 என்று வந்து புரோகிராமர் அடம்பிடித்தது. அவை பி இல்லாத சாதாரண 328, மென்பொருளில் பெயரை மாற்றிக் கொடுத்ததும் ஏறிவிட்டது.

காலிபிரேஷனில் அவசரப்படவே கூடாது. மூன்று புரோபையும் ஒன்றாகச் சேர்த்தால் செல்ஃப் டெஸ்ட் தொடங்கும், கழற்றச் சொல்லும்போது கழற்றி, கெப்பாசிட்டர் கேட்கும்போது ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே 100 நானோஃபாரடுக்கு மேற்பட்ட நல்ல ஃபிலிம் கெப்பாசிட்டர் வைக்க வேண்டும். கிடைத்த திருத்தங்கள் சிப்பின் ஈப்ரோம் நினைவகத்தில் உட்காரும், அதனால் சிப்பை மாற்றினால் இதை மறுபடி செய்தே ஆக வேண்டும்.

300 கேட்டு வந்தால் ரெசிஸ்டர்களையும் சின்ன கெப்பாசிட்டர்களையும் பீன்யாவில் ஏற்றச் சொல்வேன், சிப் மட்டும் அப்போதும் ஐசி பேஸில்தான். 30க்குக் கையே போதும், சால்டர் செய்யத் தெரிந்தவர்களுக்கு மட்டும் கிட். புரோகிராம் செய்த சிப் ஐந்து கருப்பு ஃபோமில் குத்தி பேக்கில் இருக்கிறது, அல்சூர் பக்கம் போகும்போதெல்லாம் கூடவே எடுத்துப் போகிறேன்.