அலபாமாவின் 28,000 டாலரா, டெக்சஸின் 1,000 டாலரா: வெளிமாநில ஃபீஸ் கணக்கு

போன மார்ச்சில் ஒரு காலை, திருச்சியிலிருந்து அக்கா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். அவள் பையனுக்கு அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க இரண்டு இடத்தில் அட்மிஷன் வந்திருந்தது. ஒரு பல்கலைக்கழகம் வருடத்துக்கு ஐயாயிரம் டாலர் ஸ்காலர்ஷிப் தருகிறது. இன்னொன்று, டெக்சஸில் இருக்கும் யூ.டி. டாலஸ், ஆயிரம் டாலர்தான் தருகிறது. "ஐயாயிரம் எங்க, ஆயிரம் எங்க? இதுல யோசிக்க என்னடா இருக்கு?" என்றாள். லெட்டரை அனுப்பச் சொன்னேன். ஆயிரம் டாலர் என்று போட்டிருந்த வரிக்குக் கீழே, சந்தோஷத்திலோ ஏமாற்றத்திலோ யாரும் படிக்காமல் விடும் பத்தியில், இதைப் பெறும் மாணவர் டெக்சஸ்வாசிகளுக்கான கட்டணத்தையே கட்டலாம் என்று ஒரு வாக்கியம் இருந்தது. நான்கு செமஸ்டரும் அது நீடித்தால், அந்த வாக்கியம் மட்டும் ஏறக்குறைய இருபத்தைந்தாயிரம் டாலர் பெறும். அக்காவிடம் ரூபாயில் சொன்னேன், இருபது லட்சத்துக்கு மேல் என்று. கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

அக்காவைச் சொல்லிக் குற்றமில்லை. இரண்டு வருடம் முன்பு என் பெண்ணுக்குக் கல்லூரி தேடியபோது நானும் இப்படித்தான் இருந்தேன். எந்த லெட்டரில் பெரிய எண் இருக்கிறதோ அதை ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் எக்செல் திறந்து உட்கார்ந்தேன், அங்கே கதையே வேறு.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. அமெரிக்காவில் அரசுப் பல்கலைக்கழகம் என்றால் மாநில அரசின் பல்கலைக்கழகம். அந்த மாநிலத்தில் வரி கட்டுகிறவர் பிள்ளைக்கு ஒரு விலை, அதுதான் இன் ஸ்டேட். பக்கத்து மாநிலத்துப் பிள்ளைக்கு அதைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, அதுதான் அவுட் ஆஃப் ஸ்டேட். (டியூஷன் என்று அவர்கள் சொல்வது கல்லூரிக் கட்டணத்தை. நம்மூரில் டியூஷன் என்றால் சாயங்காலம் கணக்கு வாத்தியார் வீட்டுத் திண்ணை. அம்மாவுக்கு போனில் இதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.) இந்த இரண்டு விலைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை மதிப்பெண்ணுக்காக நிரப்பித் தருகிறவர்கள் மூன்று விதமாகத் தருகிறார்கள்: இத்தனை டாலர் என்று தொகையாக, விலையையே மாற்றி, இல்லையென்றால் விலைக்கு ஓர் உச்சவரம்பு வைத்து. எந்த விதம் என்று தெரியாமல் இரண்டு லெட்டரை ஒப்பிடக் கூடாது.

முதலில் அலபாமா. டஸ்கலூசாவில் இருக்கும் அலபாமா பல்கலைக்கழகம் இந்த ஆட்டத்தில் பெரிய கை. அங்கே புதிதாகச் சேரும் மாணவர்களில் பாதிக்கும் மேல் வெளிமாநிலத்துப் பிள்ளைகள், அவர்களை இழுத்து வந்ததே இந்த ஸ்காலர்ஷிப்தான். இதில் எனக்குப் பிடித்தது அதன் வெளிப்படைத்தன்மை. பள்ளி ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண்) இவ்வளவு, கல்லூரி நுழைவுக்கான ஏ.சி.டி. அல்லது எஸ்.ஏ.டி. தேர்வு மதிப்பெண் இவ்வளவு என்றால் தொகை இவ்வளவு என்று அட்டவணை போட்டு இணையத்திலேயே வைத்திருப்பார்கள். கட்டுரைப் போட்டி, நேர்காணல் எதுவும் இல்லை. அட்டவணையில் பிள்ளை எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று விண்ணப்பிக்கும் முன்பே தெரிந்துவிடும், இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது டிசம்பரில் தூக்கம் கெட்டவர்களுக்குத்தான் தெரியும். நாங்கள் பார்த்த அட்டவணையில் ஜி.பி.ஏ. 3.5 அல்லது அதற்கு மேலும், ஏ.சி.டி. 32 அல்லது அதற்கு மேலும் இருந்தால் வருடம் 28,000 டாலர், 30, 31 என்றால் 24,000. வெளிமாநிலக் கட்டணம் அப்போது 33,000-ஐ ஒட்டி இருந்தது. என் பெண்ணுக்கு 32. ஆக, கட்ட வேண்டிய டியூஷன் மீதி ஐயாயிரம் சொச்சம். நாங்கள் இருக்கும் கலிஃபோர்னியாவிலேயே, மாநிலப் பல்கலைக்கழகமான யூ.சி.யில் படித்தால்கூட அதைவிட மூன்று மடங்கு ஆகும் என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் இது தொகை. தொகை நகராது, கட்டணம் நகரும். ஒரு காலத்தில் அங்கே மேல் கட்டத்துப் பிள்ளைகளுக்கு முழு டியூஷனையும் கொடுத்தார்கள், பிறகு அதை டாலர் கணக்குக்கு மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று ஊகிக்க அதிக மூளை வேண்டாம். கட்டணம் வருடத்துக்கு மூன்று சதவீதம் ஏறுகிறது என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். முதல் வருடம் ஐயாயிரம், அடுத்து ஆறு, ஏழு, கடைசி வருடம் எட்டாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். நான்கு வருடத்துக்கு 26,000. ஏறியும்கூட இது மலிவுதான், அதில் சந்தேகமில்லை. சிக்கல் அட்டவணையின் கீழ்க்கட்டங்களில். ஏ.சி.டி. 30-க்குக் கீழே போனால் தொகை மளமளவென்று குறைகிறது. பத்தாயிரம் டாலர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம், அதே மூன்று சதவீத ஏற்றத்தில் நான்கு வருட மீதி 98,000. அப்போதும் லெட்டரில் "நான்கு வருடத்தில் மொத்தம் 40,000 டாலர்" என்று தடித்த எழுத்தில் வரும், நமக்கும் மனசு குளிரும். அதே அலபாமா, அதே அட்டவணை. மேல்தட்டுக்கு அள்ளிக் கொடுக்கிறது, நடுத்தட்டுக்குக் கிள்ளிக் கொடுக்கிறது.

டெக்சஸ் விஷயம் வேறு. அது ஒரு பல்கலைக்கழகத்தின் தாராளம் அல்ல, மாநிலச் சட்டம். டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று, டெக்சஸ் பிள்ளைகளும் சேர்ந்து போட்டியிடும் ஒரு ஸ்காலர்ஷிப்பை, கல்லூரியின் அதிகாரபூர்வத் தேர்வுக் குழு மூலமாக, வருடத்துக்குக் குறைந்தது ஆயிரம் டாலர் என்று கொடுத்தால், அதைப் பெற்ற வெளியூர்ப் பிள்ளை இன் ஸ்டேட் கட்டணம் கட்டலாம். வெளிநாட்டுப் பிள்ளைக்கும் இது பொருந்தும். அதனால்தான் சென்னை, ஹைதராபாத் எம்.எஸ். கூட்டத்தில் "டீன்ஸ் ஸ்காலர்ஷிப் வந்துச்சா?" என்பது டாலஸுக்குப் போகிறவர்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி. ஆயிரம் டாலர் வெறும் சாவி, கதவுக்குப் பின்னால்தான் சரக்கு. பி.எஸ். படிப்பவர்களுக்குப் பள்ளம் இன்னும் பெரிது: யூ.டி. டாலஸில் டெக்சஸ் விலை ஏறக்குறைய 15,000 டாலர், வெளியூர் விலை 40,000-ஐ ஒட்டி. அங்கே இன்னொரு நல்ல பழக்கமும் உண்டு, சேரும்போது இருக்கும் டியூஷன் விலையை நான்கு வருடத்துக்குப் பூட்டிவிடுகிறார்கள். என் எக்செலில் ஏற்றமே போட வேண்டியிராத ஒரே வரிசை இதுதான்.

சரி, எங்கே உதைக்கும்? இரண்டு இடத்தில். ஒரு பல்கலைக்கழகம் தன் மொத்த மாணவர் எண்ணிக்கையில் ஐந்து சதவீதத்துக்கு மேல் இந்தச் சலுகையைக் கொடுக்க முடியாது என்று அதே சட்டம் சொல்கிறது. ஆகவே ஸ்காலர்ஷிப் வந்தாலே கட்டணம் தானாகக் குறையும் என்று நம்பிவிடக் கூடாது, குறையும் என்று லெட்டரில் எழுத்தில் இருக்க வேண்டும். இன்னொன்று, ஸ்காலர்ஷிப் எத்தனை வருடத்துக்கோ சலுகையும் அத்தனை வருடத்துக்குத்தான். எம்.எஸ். மாணவர்களுக்குச் சில நேரம் முதல் வருடத்துக்கு மட்டும் தருவார்கள், இரண்டாம் வருடம் மறுபடி போட்டி. அக்கா பையனிடம் நான் கேட்கச் சொன்ன முதல் மின்னஞ்சல் இதைப் பற்றித்தான். எம்.எஸ். பிள்ளைகளுக்கு ஒரு மாற்று வழியும் உண்டு: அங்கேயே தன் படிப்பு சார்ந்த டி.ஏ. (கற்பித்தல் உதவியாளர்) அல்லது ஆர்.ஏ. (ஆராய்ச்சி உதவியாளர்) வேலை, வாரம் இருபது மணிநேரம் என்று கிடைத்தாலும் டெக்சஸில் இன் ஸ்டேட் விலைதான்.

மூன்றாவது, எங்கள் மாதிரி மேற்குக் கரையில் இருப்பவர்களுக்கானது. வெஸ்டர்ன் அண்டர்கிராஜுவேட் எக்ஸ்சேஞ்ச், சுருக்கமாக டபிள்யூ.யூ.இ. என்று எழுதி "வூயி" என்று சொல்கிறார்கள், கவுன்சிலர் முதல்முறை சொன்னபோது தும்முகிறார் என்று நினைத்தேன். கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஆரெகன், அரிசோனா, நெவாடா, யூட்டா, கொலராடோ என்று பதினைந்து மேற்கு மாநிலங்களும் பசிபிக் தீவுப் பகுதிகளும் இப்போது சேர்ந்திருக்கும் ஏற்பாடு, தொடங்கியது 1980-களின் கடைசியில். ஒரு மாநிலத்துப் பிள்ளை இன்னொன்றில், இதில் சேர்ந்திருக்கும் கல்லூரியில் படித்தால் இன் ஸ்டேட் விலையில் ஒன்றரை மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது. இன் ஸ்டேட் கட்டணம் 9,500 என்றால் உங்களுக்கு 14,250, அவ்வளவுதான். ரீனோவில் இருக்கும் நெவாடா பல்கலைக்கழகம், நார்தர்ன் அரிசோனா போன்றவை இதில் உண்டு. சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் இல்லை. பெரிய பெயர்கள் இந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை, காரணம் அவர்களுக்குத் தள்ளுபடி கொடுத்துக் கூப்பிட வேண்டிய தேவை இல்லை.

ஏ.சி.டி. 32 வாங்காத, ஆனால் ஒழுங்காகப் படிக்கிற நடுத்தரப் பிள்ளைக்கு என் ஓட்டு இதற்குத்தான். பல இடங்களில் ஜி.பி.ஏ. ஓரளவு இருந்தாலே போதும், விலை ஏறினாலும் இன் ஸ்டேட் விலையோடு சேர்ந்துதான் ஏறும். அந்த 14,250-ஐ அதே மூன்று சதவீத ஏற்றத்தில் போட்டால் நான்கு வருடத்துக்கு 60,000 வந்தது, அலபாமாவின் நடுக்கட்டத்தைவிட எவ்வளவோ மேல். ஆனால் சில பல்கலைக்கழகங்கள் குறிப்பிட்ட படிப்புகளுக்கு இதைத் தருவதில்லை, சில தனி விண்ணப்பம் கேட்கின்றன, அதன் கடைசித் தேதியும் தனி. எங்கள் தெருவில் ஒரு பையன் பயாலஜியில் சேர்ந்து இரண்டாம் வருடம் வேறு படிப்புக்கு மாறினான். மாறிய படிப்பு பட்டியலில் இல்லை, அடுத்த செமஸ்டர் பில் முழு விலைக்கு வந்தது. கல்லூரி பெயர் வேண்டாம், விதி அவர்கள் இணையதளத்திலேயே இருந்தது, நாம்தான் படிப்பதில்லை.

ஸ்காலர்ஷிப் வராத இடங்களையும் ஒரே மூச்சில் தள்ளிவிட வேண்டாம். இண்டியானாவின் பர்டியூ 2013-லிருந்து கட்டணத்தை ஏற்றவே இல்லை, வெளிமாநிலத்தவருக்கு 2024-25-லும் 28,794 டாலர்தான். இன்ஜினியரிங் என்றால் அதற்கு மேல் கொஞ்சம். வேறொரு பல்கலைக்கழகம் 45,000 விலை போட்டு 15,000 ஸ்காலர்ஷிப் கொடுத்துக் கைகுலுக்கினால், அதைவிட, ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் பர்டியூ மலிவு. மிச்சிகன் ஆன் ஆர்பர், 60,000-ஐத் தாண்டிய கட்டணத்தில், பேரத்துக்கே வராது. வெளியிலிருந்து யூ.சி.க்கு வருகிறவர்கள் 2024-25-ல் கட்டணத்துக்கு மேல் 34,200 டாலர் கூடுதலாகக் கட்டினார்கள்.

எங்கே போனாலும் ஒன்று பொது: ஸ்காலர்ஷிப் நீடிக்கக் கல்லூரியிலும் ஜி.பி.ஏ. வேண்டும். அலபாமாவில் அது 3.0-க்குக் கீழே இறங்கினால் அந்த 28,000 ஆபத்தில். பள்ளியில் 3.9 வாங்கிய பிள்ளைக்கு 3.0 என்ன பெரிய விஷயமா என்று எனக்கும் தோன்றியது, மெக்கானிக்கல் முதல் வருட கால்குலஸும் ஃபிசிக்ஸும் முடிந்த பிறகு தோன்றவில்லை. பெரிய ஸ்காலர்ஷிப்பை இழந்தால் அடியும் பெரிது.

எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கானது) பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குத் தனியாக ஒன்று. அவர்களுக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடையாது, ஆகவே மதிப்பெண் அடிப்படையிலான இந்தப் பணம்தான் பிடிமானம். 21 வயதில் எச்-4 முடிந்து மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாறினால் மாநிலவாசி என்ற அந்தஸ்தை நம்பிய சலுகை என்ன ஆகும், மதிப்பெண்ணை நம்பிய சலுகை என்ன ஆகும் என்று இரண்டையும் அட்மிஷன் ஆபீஸில் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். போனில் சொன்னதை நம்பி மே 1-ஆம் தேதி டெபாசிட் கட்டாதீர்கள்.

எங்கள் வீட்டில் கடைசியில் அலபாமாதான். மனைவிக்கு ரீனோ ஆசை, சாக்ரமெண்டோவிலிருந்து இரண்டு மணிநேரம், சனிக்கிழமை சாம்பார் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரலாம் என்றாள். டஸ்கலூசாவுக்கு நேர் விமானம் கிடையாது, பர்மிங்ஹாமில் இறங்கி ஒரு மணிநேரம் காரில். இருந்தாலும் 26,000-க்கும் 60,000-க்கும் நடுவில் சாம்பார் எத்தனை டப்பா என்று பெண்ணே கேட்டுவிட்டாள்.

இந்த ஆகஸ்டில் அடுத்த வருட பில் வந்தது. ஸ்காலர்ஷிப் வரியில் அதே 28,000. அதற்கு மேலே இருந்த டியூஷன் எண் மட்டும் நகர்ந்திருந்தது. நான் போட்ட மூன்று சதவீதத்துக்குள்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எக்செலில் மஞ்சள் அடித்து வைத்திருந்த கட்டத்தில் புது எண்ணைத் தட்டினேன்.