ஊராட்சி மன்றக் கூட்டத்தில் பார்வையாளர் வசதி: ஒரு மதிப்பீடு

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள எங்கள் ஊரைக் கவனிக்கும் ஊராட்சி மன்றம், தன் மாதாந்திர முழுக் கூட்டத்தில் பொதுமக்களுக்கு அளிக்கும் வசதியைப் பற்றி எழுதுகிறேன். இது சலுகை அன்று. மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தாலொழிய, கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்று 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு கூறுகிறது.

வரவேற்பில் குறையில்லை. அடையாள அட்டையைக் காட்டிப் பெயரைப் பதிந்ததும், முகப்பிடத்தில் இருந்த பணியாளர் மாடிக்கு அழைத்துச் சென்று அமர வைத்தார். ஒலிபெருக்கியும் தெளிவாகவே கேட்டது.

ஆனால் உறுப்பினர்களின் கையில் தடித்த கோப்பு இருக்க, பார்வையாளருக்கு நிகழ்ச்சி நிரல்கூடக் கிடைக்கவில்லை. பழைய லயன் வீடுகளுக்குப் பின்னால் மழைக்காலந்தோறும் நிரம்பி வழியும் கால்வாயைப் பற்றிய முடிவைக் கேட்கவே நான் போயிருந்தேன். தலைவர் ஓர் எண்ணை வாசித்தார். ஒருவர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார், உடனே அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார்கள். அது எங்கள் கால்வாய்தான் என்பதையே கூட்டம் முடிந்தபின் ஓர் உறுப்பினரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். விவாதமெல்லாம் உட்குழுவிலேயே முடிந்துவிட்டதாம்.

இதற்குச் சட்டமே இடம் தருகிறது. குழு தானாகத் தீர்மானித்தாலன்றி, உட்குழுக் கூட்டங்களுக்கு அந்த 23-ஆவது பிரிவு பொருந்தாது. 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. இன்று உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. வாக்குச்சீட்டு இல்லாத நிலையில், மதிப்பீட்டு வரி செலுத்தும் எங்களுக்கு விவாதத்தை நேரில் கேட்பதும் இல்லையென்றால் வேறு என்ன இருக்கிறது? சிலாங்கூர் 2011-இல் தகவல் சுதந்திரச் சட்டத்தை இயற்றியதை மனமார வரவேற்கிறேன்; ஆயினும் ஆவணத்தை விண்ணப்பித்துப் பெறுவதற்குள் முடிவு எடுக்கப்பட்டுவிடும்.

ஆகவே நாடாளுமன்றம் இந்தப் பிரிவைத் திருத்தி, உட்குழுக்களும் இயல்பாகவே திறந்திருக்கவும், குத்தகை, பணியாளர் ஒழுங்கு போன்றவற்றுக்காகக் கதவை மூடினால் அதன் காரணத்தைக் குறிப்பேட்டில் பதியவும், நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே வெளியிடவும் வகை செய்ய வேண்டும். அதுவரை, கூட்டத்துக்குப் போக நினைப்பவர்கள் தேதியை அலுவலகத்தில் உறுதிப்படுத்திக்கொண்டு, தங்கள் பகுதி உறுப்பினரிடம் அன்றைய பொருள்களின் எண்களை எழுதி வாங்கிச் செல்வது நல்லது.